பாடையில் படுத்த மூதாட்டியும் பறவைகளிடம் சிக்கிய நடிகையும்

சினிமாவிலோ இசையிலோ எழுத்திலோ கூட்டுச் சேர ஆள் தேடும் இளைஞர்கள் முதலில் பார்ப்பது திறமையை. ஆள் பெரிய திறமைசாலி என்றால் குணத்தைக் கொஞ்சம் பொறுத்துப்போகலாம் என்று பெரியவர்களே புத்தி சொல்கிறார்கள். அந்தப் புத்திமதியை என்னால் ஏற்க முடியவில்லை. திறமையில் யாருக்கும் சந்தேகமில்லாத இரண்டு இயக்குநர்களின் படப்பிடிப்புகளை அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

கல்கத்தாவை ஒட்டிய போரால் என்ற கிராமத்தில் ‘பதேர் பாஞ்சாலி’ (1955) எடுத்தபோது சத்யஜித் ராய் கையில் காசில்லை. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. படப்பிடிப்பு மாதக்கணக்கில் நின்றது. கடைசியில் மேற்கு வங்க அரசின் பணத்தில்தான் படம் முடிந்தது. முதிய அத்தையாக நடித்த சுனிபாலா தேவி எண்பதை நெருங்கிய, நடிப்பை விட்டுப் பல காலமான நாடக நடிகை. சம்பளம் நாளுக்கு 20 ரூபாய். கதைப்படி அத்தை இறந்து பாடையில் போக வேண்டும். இந்த வயதில் ஒருவரைப் பாடையில் படுக்கச் சொல்வதா என்று ராய் தயங்கினார். தயக்கத்தோடு அவரிடமே கேட்டார். நடிப்புதானே, இதில் எனக்கென்ன என்கிற மாதிரி அவர் சம்மதித்தார். மூங்கில் பாடையில் கிடத்திக் கட்டித் தூக்கிப்போனார்கள். ஷாட் முடிந்து இறக்கி, கட்டை அவிழ்த்த பிறகும் சுனிபாலா அசையவில்லை. எல்லோரும் பதறிவிட்டார்கள். ஷாட் முடிந்ததை யாரும் சொல்லவில்லையே, அதனால்தான் பிணமாகவே கிடந்தேன் என்று அவர் கண் திறந்த பிறகுதான் யூனிட்டுக்கு உயிர் வந்தது.

ஹாலிவுட்டில் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்துக்குப் பணம் பிரச்சினையே இல்லை. ஆல்பிரட் ஹிட்ச்காக், தொலைக்காட்சி விளம்பரமொன்றில் பார்த்த மாடல் டிப்பி ஹெட்ரனை ஏழாண்டு ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு நாயகியாக்கினார். பரண் அறையில் பறவைகள் தாக்கும் காட்சிக்கு இயந்திரப் பறவைகள்தான் என்று ஹெட்ரனிடம் சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பு நாள் காலையில் உதவி இயக்குநர் வந்தார். ஹெட்ரனின் முகத்தைப் பார்க்கவே கூசி, இயந்திரம் வேலை செய்யவில்லை, நிஜப் பறவைகள்தான் என்றார். ஹெட்ரன் தளத்துக்குப் போனால் கூண்டு தயாராக நிற்கிறது. தோல் கையுறை மாட்டிய ஆட்கள் காத்திருக்கிறார்கள். ஐந்து நாள் அவர்மீது பறவைகளை எறிந்தார்கள். கடைசியில் உடையோடு சேர்த்தே பறவைகளைக் கட்டினார்கள். ஒன்று கண்ணுக்குப் பக்கத்தில் கீறிவிட்டது. அவர் உட்கார்ந்து அழுதார். மருத்துவர் ஒரு வாரம் ஓய்வு என்றபோது, வேறு யாரை வைத்துப் படமெடுப்பது என்று ஹிட்ச்காக் மறுத்தார். அந்தப் பெண்ணைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்று மருத்துவர் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு படங்களுமே காலத்தைத் தாண்டி நிற்கின்றன. அதனால்தான் படத்தை வைத்து ஆளை எடைபோட முடியாது என்கிறேன். வேறுபாடு ஓர் இடத்தில்தான். ராய் முன்கூட்டியே கேட்டார். மறுக்க அந்த மூதாட்டிக்கு இடம் இருந்தது. ஹெட்ரனுக்கோ உண்மையே கடைசி நிமிடத்தில்தான் வந்தது.

ஹிட்ச்காக் எல்லோரிடமும் இப்படி நடந்துகொள்ளவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒளிப்பதிவாளர் ராபர்ட் பர்க்ஸ் அவரோடு பன்னிரண்டு படங்கள் செய்தார். கேரி கிராண்டும் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டும் ஆளுக்கு நான்கு படங்கள் நடித்தார்கள். அவர்கள் வேண்டாம் என்று எழுந்து போகக்கூடியவர்கள். ஹெட்ரன் புதியவர், ஒப்பந்தத்தால் கட்டுப்பட்டவர். ஆகவே ஒருவர் மற்றவர்களை எப்படி மதிக்கிறார் என்பதை நட்சத்திரங்களிடம் விசாரித்துப் பயனில்லை.

ராயின் கூட்டணியிலும் பிரிவு வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஸ்டில் புகைப்படம் மட்டுமே தெரிந்த 21 வயது சுப்ரதா மித்ராவை நம்பிக் கேமராவைக் கொடுத்தவர் அவர். ராயின் அடுத்த படமான ‘அபராஜிதோ’வுக்காக மித்ரா ஒளியைத் துணியில் பட்டுத் தெறிக்கவைத்த முறை இன்றும் ஒளிப்பதிவாளர்களுக்குப் பாடம். பின்னர் ராயே கேமராவை இயக்கத் தொடங்கினார். ‘நாயக்’ (1966) படத்தோடு மித்ரா விலகினார். மித்ராவுக்கு அதில் மனவருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் ராயோடு இருந்தபோதே ஜேம்ஸ் ஐவரியின் ‘தி ஹவுஸ்ஹோல்டர்’ (1963) படத்தை ஒளிப்பதிவு செய்யப் போனவர் மித்ரா. ராய் தடுக்கவில்லை, அந்தப் படத்தின் எடிட்டிங்குக்கும் கைகொடுத்தார். ஹெட்ரன் கதை வேறு. இருவரும் அடுத்துச் செய்த ‘மார்னி’ (1964) காலத்தில் ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்ததாகவும், மறுத்ததற்காக ஒப்பந்தத்தைக் காட்டியே வேறு வாய்ப்புகளை முடக்கியதாகவும் அவர் 2016-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் எழுதினார். ஹிட்ச்காக் 1980-லேயே காலமாகிவிட்டார்.

ராயோடு நிலைத்து நின்றவர்களும் உண்டு. துலால் தத்தா முதல் படத்திலிருந்து கடைசிப் படமான ‘ஆகந்துக்’ (1991) வரை ராய்க்கு எடிட்டர். சௌமித்ர சட்டர்ஜி அவருடைய பதினான்கு படங்களில் நடித்தார். ஹெட்ரன் ஹிட்ச்காக்கோடு செய்தவை இரண்டே.

அதனால் கலைத்துறையில் காலெடுத்து வைக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கையெழுத்துப் போடும் முன், அந்தப் பெரியவரிடம் வேலை பார்த்த கடைநிலை உதவியாளர்கள் இரண்டு பேரையாவது தேடிப்பிடியுங்கள். மறுபடி கூப்பிட்டால் போவீர்களா என்று கேளுங்கள். அவர்கள் பதில் சொல்லத் தயங்கினால், வேறு ஆளைப் பாருங்கள்.