கொசு முட்டையின் ஞாபகமும் ஆட்டின் ஞாபகமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட பதிவு இது. நோய் எதிர்ப்பு சக்தி பத்தின்னு சொன்னதும் பள்ளிக்கூடப் பாடம்னு ஓடிடாதீங்க. இது ஒரு ஆட்டுப் பட்டியில ஆரம்பிக்கிற கதை.

கென்யாவில் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நைவாஷா என்று ஓர் ஏரி. 1930ல் அந்தப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் பிறந்து சில நாளே ஆன செம்மறிக் குட்டிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. சினை ஆடுகளுக்குக் கரு கலைந்தது. டாப்னி, ஹட்சன் என்ற கால்நடை ஆய்வாளர்களும் கார்ன்ஹாம் என்ற மருத்துவரும் 1931ல் இதற்குக் காரணம் ஒரு வைரஸ் என்று எழுதினார்கள். ஆடுகளை உயரமான மேட்டு நிலத்துக்கு ஓட்டிப் போனதும் சாவு நின்றது. கொசு மேல் சந்தேகம் விழுந்தது அப்படித்தான். ஆடு மேய்த்தவர்களுக்கும் காய்ச்சல் வந்தது, ஆய்வு செய்தவர்களுக்கும் வந்தது. ஆனால் அவர்கள் சில நாளில் எழுந்து உட்கார்ந்தார்கள். நோய்க்கு ரிஃப்ட் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே வைரஸ். பச்சைக் குட்டி ஒன்றரை நாளில் போய்ச் சேருது, மனுசன் பெரும்பாலும் பிழைச்சுக்கிறான். ஏன்?

பதிலின் முதல் துண்டு 1957ல் லண்டனில் கிடைத்தது. ஐசக்ஸும் லிண்டன்மனும் இன்டர்ஃபெரானைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் புகுந்த செல், பக்கத்து செல்களுக்கு "திருடன் வந்துட்டான், கதவைச் சாத்து"ன்னு போடுற கூச்சல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி தயாராகச் சில நாள் ஆகும். அதுவரை வீட்டைக் காப்பது இந்தக் கூச்சல்தான்.

1990ல் வெளியான குரங்கு ஆய்வு ஒன்று இதைப் பளிச்சென்று காட்டியது. இந்த வைரஸைச் செலுத்திய 12 மணி நேரத்துக்குள் இன்டர்ஃபெரான் சுரந்த குரங்குகள் தப்பித்தன. ஒரு நாளோ அதற்கு மேலோ தாமதமானவை நோயில் விழுந்தன. அரை நாள் வித்தியாசம், அவ்வளவுதாங்க!

வைரஸ் மட்டும் சும்மா இருக்குமா? அதனிடம் என்.எஸ்.எஸ் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதன் வேலை கூச்சல் போடும் வாயைப் பொத்துவது. இது தெளிவானது 2001ல். அந்த மரபணுவின் பெரும்பகுதி தானாகவே அறுந்துபோன 'குளோன் 13' என்ற வைரஸ், சாதாரண எலிகளைக் கொல்ல முடியாமல் தோற்றது. இன்டர்ஃபெரானுக்குக் காது கொடுக்க முடியாத எலிகளை மட்டும் கொன்றது. குட்டிகள் செத்ததைப் பார்த்து எழுபது வருடம் கழித்து, வைரஸ் ஜெயிக்கிற சூட்சுமம் புரிந்தது. எதிர்ப்பு சக்தி இன்னும் முதிராத குட்டி, குரல் எழும்பும் முன்பே தோற்றுவிடுகிறது. மனிதர்களிலும் ஒரு சிலருக்குக் கண், மூளை, ஈரல் என்று போய் உயிருக்கே ஆபத்தாகிறது.

இனிதான் கதையின் முக்கியமான இடம்.

பிழைத்த ஆட்டின் உடம்பு வைரஸை மறப்பதில்லை. ஆன்டிபாடி காலத்துக்கும் நிற்கும். தாய் ஆடு தன் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் சில மாதத்துக்குக் கடன் கொடுக்கும். ஆனால் ஆடு எத்தனை வருசம் இருக்கும்? விற்பார்கள், அறுப்பார்கள். சில வருடத்தில் பட்டி முழுக்கப் புது ஆடுகள். ஞாபகம் ஆட்டோடு போச்சு.

கொசு முட்டை அப்படி இல்லை. ஏடிஸ் வகைக் கொசுக்கள் பள்ளமான நிலத்தில் இடும் முட்டைகள், வைரஸோடு சேர்ந்து வறண்ட மண்ணில் வருடக்கணக்கில் காத்திருக்கும். பெருமழை வந்து பள்ளம் நிரம்பினால் பொரிக்கும். அதனால்தான் இந்த நோய் பல வருடம் காணாமல் போய், வெள்ளத்தோடு திரும்பி வருகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1997-98ல் வந்தது. 2006-07ல் மறுபடி வந்தது. அந்த இரண்டாவது முறை கென்யாவில் மட்டும் 684 பேருக்கு நோய், 155 பேர் சாவு. இத்தனைக்கும் செயற்கைக்கோள் தகவலை வைத்து, வாரக்கணக்கில் முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது!

தடுப்பூசி இல்லையா என்றால், இருக்கிறது. ஸ்மித்பர்ன், உகாண்டா கொசுவில் கிடைத்த வைரஸை எலி மூளையில் திரும்பத் திரும்ப வளர்த்து வலுவிழக்க வைத்து, 1949லேயே ஆடு மாடுகளுக்கான வழியைக் காட்டிவிட்டார். அந்த ஊசி சில சினை ஆடுகளுக்குக் கருவைக் கலைத்துவிடும் என்பது அதன் குறை. குளோன் 13 தடுப்பூசிக்குத் தென்னாப்பிரிக்கா 2010ல் அனுமதி கொடுத்தது. மனிதர்களுக்கென்று பொதுப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற ஊசி இன்னும் இல்லை. ஆக, ஆட்டுக்குப் போடும் ஊசிதான் மனுசனுக்கும் வேலி. நோய்ப்பட்ட ஆட்டின் ரத்தம் பட்டுத்தான் நிறைய பேருக்குத் தொற்றுகிறது.

சிக்கல் என்னன்னா, நோய் பரவ ஆரம்பித்த பிறகு ஊசி போடக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரே ஊசியை ஆடு மாற்றி ஆடு குத்தினால் நாமே வைரஸைப் பரப்பிவிடுவோம். போட வேண்டியது நோயே இல்லாத வறண்ட வருடங்களில். அப்போது யார் கவலைப்படுகிறார்கள்? பஞ்ச காலத்தில் மேய்ப்பவர் தண்ணிக்கு அலைவாரா, எப்பவோ வரப்போற காய்ச்சலுக்கு ஊசி தேடுவாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரலை. நினைவில் வைத்திருக்க வேண்டியது அரசாங்கங்கள். அவை எழுத்தில் வைத்திருக்கின்றன, செயலில் மறந்துவிடுகின்றன. 2025ல் செனகலிலும் மாரிடானியாவிலும் இதே காய்ச்சல் மனிதர்களைக் கொன்றது.

உடம்பு கற்றுக்கொண்டது உடம்போடு போய்விடும். அடுத்த பட்டிக்கு அதைக் கொண்டு சேர்க்க வேண்டியது நாமதானே?

கொசுறு: தலைப்பில் கொசு, முடிவில் கொசுறு. ஆடு மாடு வளர்க்கும் வீட்டில் பிறந்த நண்பர்கள் யாராவது இருந்தால், சீம்பால் பற்றி உங்க பாட்டி சொன்னதைப் பின்னூட்டத்தில் எழுதுங்க.