தேர்வுத் தராசும் தேயிலை மலையும்

ஒருவன் செய்து முடித்த செயலைக் கண்டு அவனை மதித்தல் எளிது. அவன் இனிச் செய்யப்போவதை முன்னறிந்து மதித்தலோ பெரிதும் அரிது. திருவள்ளுவர், ஆளைத் தேரும் முறையைத் 'தெரிந்து தெளிதல்' என்னும் அதிகாரத்திலும், தேர்ந்தவனைத் தொழிலில் அமர்த்தும் முறையைத் 'தெரிந்து வினையாடல்' என்னும் அதிகாரத்திலும் தனித்தனியே வகுத்துக் கூறினமை இவ்வருமையைப் புலப்படுத்தும். அன்று அரசவைக்கு உரியதாயிருந்த இவ்வினா, இருபதாம் நூற்றாண்டில் விளையாட்டரங்கிற்கும் உரியதாயிற்று. ஊதியம் பெறாது பாடசாலையிலும் ஊர்த்திடலிலும் ஆடும் இளைஞருள், தொழின்முறை ஆட்டத்திற்குத் தக்கவர் யாவர் என்று முன்கூட்டியே எடைபோடும் வழக்கம் பல நாடுகளிலும் வேரூன்றியுள்ளது. அவ்வழக்கத்தின் வரலாறும், அவ்வரலாற்றில் மலையகத்து இளைஞன் பெற்ற இடமும் ஆராயத்தக்கன.

பசறையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் வாழ்வோர் மதிப்பீடு என்பதை அறியாதவரல்லர். நமுனுகுலை மலையின் சாரலிற் கிள்ளப்பெறும் கொழுந்து, நாள்தோறும் கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படுகின்றது. தொழிற்சாலையில் வாடி, அரைபட்டு, காய்ந்து, தரம் பிரிக்கப்படுகின்றது. பின்னர்க் கொழும்பில் 1883 ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்றுவரும் ஏலத்திற்குச் செல்கின்றது. ஏலத்திற்கு முன் சுவைஞர் ஒவ்வொரு மாதிரியையும் நாவிலிட்டுத் தரங் காண்பர். ஆடி, ஆவணி மாதங்களை ஒட்டி வீசும் வறண்ட காற்றினால் ஊவாத் தேயிலை தனி மணம் பெறுகின்றது. செடியும் அதுவே, மண்ணும் அதுவே. பருவம் ஒன்றே வேறு. ஆயினும் தேயிலைச் சுவைஞருக்கு ஒரு வாய்ப்புண்டு. அவர் முன் இருப்பது பக்குவப்பட்ட தேயிலை. இளைஞரை மதிக்க வருபவர் முன் இருப்பதோ பச்சைக் கொழுந்து. அது நாளை எத்தகைய சுவை தரும் என்பதை அவர் இன்றே சொல்லியாதல் வேண்டும்.

இம்மதிப்பீட்டை ஒரு பெருந்தொழிலாக வளர்த்த நாடு அமெரிக்கா. அங்குப் பேஸ்போல் என்னும் ஆட்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தொழின்முறை ஆட்டமாயிற்று. நெடுங்காலம் கழகங்கள் தாம் விரும்பிய இளைஞரைத் தத்தம் பொருள்வலிக்கேற்ப விலைபேசிக் கொண்டன. 1964 ஆம் ஆண்டிலே ரிக் ரைக்கார்ட் என்னும் பல்கலைக்கழக மாணவர் ஒருவரை ஒப்பந்தஞ் செய்வதற்கு லொஸ் ஏஞ்சலிஸ் கழகம் இரண்டு இலட்சத்து ஐயாயிரம் டொலர் ஈந்தது. செல்வமிக்க கழகங்களே வல்லாரையெல்லாம் வாரிக்கொள்ளும் நிலையை மாற்றும் பொருட்டு, 1965 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் முறைவரிசைத் தெரிவு ஏற்படுத்தப்பட்டது. முந்திய பருவத்திற் பின்தங்கிய கழகம் முதலிலும், முன்னின்ற கழகம் கடைசியிலும் ஆளைத் தெரிதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக மாணவரான ரிக் மண்டே முதலாவதாகத் தெரியப்பட்டார். அவரைத் தெரிந்தது கன்சாஸ் நகரக் கழகம்.

தெரிவு ஒழுங்குபட்டதும் மதிப்பீடும் நுணுக்கமுற்றது. கழகங்களின் நோட்டக்காரர்கள் ஊர்தோறுஞ் சென்று பாடசாலை ஆட்டங்களைப் பார்த்தனர். நாணயத்தின் மாற்றறியும் நோட்டக்காரரைப் போன்று, பந்தைத் தவறாது அடித்தல், வலிந்து அடித்தல், விரைந்து ஓடுதல், பந்தைத் தடுத்தல், எறியும் கைவலி என்னும் ஐந்து ஆற்றல்களையும் தனித்தனியே ஆராய்ந்தனர். ஒவ்வொன்றுக்கும் இருபது முதல் எண்பது வரை புள்ளியிடும் அளவுகோல் வழக்கிற்கு வந்தது. ஐம்பது என்பது தொழின்முறை ஆட்டக்காரரின் நடுத்தர நிலை. இன்றுள்ள ஆற்றலுக்கு ஓர் எண்ணும், பின்னர் எய்தக்கூடிய ஆற்றலுக்கு வேறோர் எண்ணும் இடுதல் இம்முறையின் சிறப்பு. முன்னையது காட்சியளவை, பின்னையது கருதலளவை. பிழை பெரும்பாலும் பின்னையதிலேயே நேர்வதாயிற்று.

இதற்கு 1966 ஆம் ஆண்டுத் தெரிவே சான்று. அவ்வாண்டு நியூயோர்க் மெற்ஸ் கழகம் ஸ்டீவ் சில்கொட் என்னும் பாடசாலை இளைஞரை முதலாவதாகத் தெரிந்தது. அடுத்த இடத்திற் கன்சாஸ் நகரக் கழகம் ரெஜி ஜாக்சனைத் தெரிந்தது. சில்கொட் தோளிற் காயமுற்று, முதன்மைக் கழகப் போட்டி ஒன்றிலேனும் ஆடாது ஓய்ந்தார். ஜாக்சன் 563 முறை பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துப் பெரும்புகழ் எய்தினார். மெற்ஸ் கழகத்தார் கண்ணில்லாதவர் அல்லர். அவர்கள் கண்ட ஆற்றல் பொய்யுமன்று. உடலில் நேரவிருந்த ஊறு எந்த அளவுகோலிலும் எழுதப்படாதது என்பதே உண்மை.

இதனினும் சிந்திக்கத்தக்கது மைக் பியாசாவின் வரலாறு. 1988 ஆம் ஆண்டில் அவர் அறுபத்திரண்டாவது சுற்றில், 1390 ஆவது ஆளாகத் தெரியப்பட்டார். அத்தெரிவுதானும் அவருடைய தந்தையின் நண்பரும் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியின் முகாமையாளருமான டொம்மி லசோடாவின் பரிந்துரையால் நிகழ்ந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குப் பின்னே நின்ற அவ்விளைஞர், பிற்காலத்தில் இலக்குக் காப்பாளருட் சிறந்த அடிவல்லாராக மதிக்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டு புகழ்மண்டபத்திற் சேர்க்கப்பெற்றார். தராசு அவரைக் குறைத்து நிறுத்தது உண்மை. ஆயினும் அவர் தராசில் ஏறுவதற்கு ஒரு கை உதவியது. அவ்வுதவி இல்லாதிருப்பின், பிழையான எடைதானும் அவருக்குக் கிடைத்திராது. ஒருவனைக் குறைத்து மதித்தல் ஒருவகைப் பிழை. மதிப்பதற்கே அழையாதிருத்தல் மற்றொரு வகை. முன்னையது ஏட்டிற் பதிவாகிப் பின்னர்த் திருத்தப்படும். பின்னையது எந்த ஏட்டிலும் பதிவாவதில்லை.

இலங்கையில் இவ்வகைத் தராசு எங்கே வைக்கப்பட்டிருந்தது என்பது அடுத்த வினா. இங்குத் துடுப்பாட்டமே தலைமையான ஆட்டமாயிற்று. மலையகத்தில் அதனைப் பரப்பியோர் ஆங்கிலேயத் தோட்டத்துரைமார். அவர்தங் கழகத் திடல்களைத் தோட்டத் தொழிலாளர் செப்பனிட்டனரேயன்றி அவற்றில் ஆடினாரல்லர். இலங்கையர்க்குரிய வாயில் கொழும்பு, கண்டி முதலிய நகரங்களின் பெருங்கல்லூரிகளாயிற்று. 1899 இல் நிறுவப்பட்ட தமிழ் யூனியன் கழகமும், 1947 இற் சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்த மகாதேவ சதாசிவம் போன்றோரும் இந்நகர்ப்புறக் கல்வி மரபின் விளைவுகள். 1982 ஆம் ஆண்டு இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியை ஆடிய பின்னரும், தேசியத் தெரிவாளர் முதலிற் பார்த்தது பெருங்கல்லூரிகளின் ஆட்டங்களையே.

அவ்வாயில் வழியே வந்தவருள் ஒருவர் தோட்டத்தொழிலாளர் மரபினர் என்பது இவ்வாராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி. முத்தையா முரளிதரனின் பாட்டனார் 1920 ஆம் ஆண்டிலே தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்தவர். அவர் பின்னர்த் தாயகம் திரும்பினாராயினும், அவர் மைந்தர் இங்கேயே தங்கிக் கண்டியில் இனிப்புப்பண்டத் தொழில் நடத்தினார். அதன் பயனாக முரளிதரன் கண்டிப் புனித அந்தோனியார் கல்லூரியிற் பயின்றார். வேகப்பந்து வீசிவந்த அவரைப் பதினான்காம் வயதளவிற் சுழற்பந்திற்குத் திருப்பியவர் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1990/91 பருவத்திற் சிறந்த பாடசாலைத் துடுப்பாட்ட வீரர் என்னும் விருதைப் பெற்ற அவர், 1992 இல் டெஸ்ட் அரங்கேறி, 2010 இல் எண்ணூறாவது இலக்கை வீழ்த்தி ஓய்வுபெற்றார். 1995 டிசம்பரில் மெல்பேர்ணில் அவர் பந்துவீச்சு எறிதல் எனக் குற்றஞ்சாட்டப்பட்டது. அவரது முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது என்பது மருத்துவச் சோதனைகளால் தெளிவாயிற்று. 2005 இல் எல்லாப் பந்துவீச்சாளருக்கும் பதினைந்து பாகை வரையறை வகுக்கப்பட்டது. ஒரு கண்ணுக்குக் குற்றமாய்த் தோன்றியது மற்றொரு கண்ணுக்குக் குணமாய்த் தோன்றியமை இங்குக் காணத்தக்கது. அதனினும் முதன்மையானது, அவர் சுனில் பெர்னாண்டோவின் கண்ணிற் படக்கூடிய இடத்தில் இருந்தார் என்பதே.

அவ்விடத்திற்குத் தோட்டத்து லயங்களிலிருந்து செல்லும் வழி நெடுங்காலம் அடைபட்டிருந்தது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலார் நாடற்றோராயினர். 1964 இல் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் சரிபாதியாகப் பிரித்தது. எஞ்சி நின்றோர்க்குக் குடியுரிமை வழங்குஞ் சட்டம் 2003 இல் நிறைவேறியது. எந்நாட்டினன் என்பதே முடிவாகாத இளைஞனை எந்நாட்டுத் தெரிவாளர் தேடுவர்? கல்வி நிலையும் இத்தகையதே. தோட்டப் பாடசாலைகள் 1977 முதல் அரசிடம் சேரும்வரை, அவற்றுட் பெரும்பாலானவை கீழ்வகுப்புக் கல்வியோடு நின்றன. பதினான்கு வயதிற் பயிற்றுநரைக் காணவேண்டிய சிறுவன், அவ்வயதிற் பெயர் பதிந்து வேலைக்குச் சென்றான். வேலை விட்ட பின் பிரட்டுக்களத்திலும், தொழிற்சாலை முற்றத்திலும் மென்பந்து கொண்டு ஆடிய ஆட்டத்தை எந்த நோட்டக்காரரும் பார்க்கவில்லை.

தொழின்முறைத் தெரிவு இலங்கைக்கு வந்தபோது, ஊவாவின் பெயர் அதில் இடம்பெற்றது; ஊவாவின் நிலம் இடம்பெறவில்லை. 2012 ஆம் ஆண்டு ஆகஸ்டில் நடைபெற்ற இலங்கைப் பிரிமியர் லீக் தொடரில், மாகாணப் பெயர் பூண்ட ஏழு அணிகள் மோதின. மழை குறுக்கிட்ட இறுதிப் போட்டியில் நாகெனஹிர நாகாஸ் அணியை வென்று கிண்ணங் கொண்டது 'ஊவா நெக்ஸ்ட்' அணி. ஆயின் போட்டிகள் யாவும் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடைபெற்றன. பதுளையிலோ பண்டாரவளையிலோ ஒன்றும் நடைபெறவில்லை. அத்தொடர் அவ்வோராண்டோடு நின்றது. 2020 இல் முறைவரிசைத் தெரிவோடு தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கின் ஐந்து அணிகளுள் ஊவாவின் பெயர்தானும் இல்லை.

அத்தொடரே யாழ்ப்பாணத்திற்கு வேறொரு பாடம் புகட்டியது. யாழ்ப்பாண அணியை நடத்தியோர் வடக்கு, கிழக்கு மாகாண இளைஞர் சிலரையும் அணியிற் சேர்த்துக்கொண்டனர். அவருள் யாழ் மத்திய கல்லூரியிற் பயின்ற விஜயகாந்த் வியாஸ்காந்த் பத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு முந்திய நாளான 2020 டிசம்பர் 4 அன்று களமிறங்கி, அஞ்சலோ மத்தியூசின் இலக்கை வீழ்த்தினார். 2023 இல் ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு ஆடிய அவர், 2024 இல் இந்தியப் பிரிமியர் லீக்கில் ஐதராபாத் அணிக்கும் ஆடினார். ஊர்ப்பெயரை அணிக்குச் சூட்டுதல் வேறு. ஊர்ப்பிள்ளையை அணியிற் சேர்த்தல் வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு சான்று கொள்ளலாம். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் எளிய குடியிற் பிறந்த நடராசன், இருபது வயதளவும் டென்னிஸ் பந்து கொண்டே ஆடியவர். ஊரவரான ஜெயப்பிரகாஷ் அவரது ஆற்றலை உணர்ந்து சென்னைக் கழக ஆட்டத்திற்கு வழிகாட்டினார். 2015 இல் முதல்தரப் போட்டியில் ஆடியவுடன் அவர் பந்துவீச்சும் ஐயத்திற்குள்ளாகி, திருத்தம் வேண்டியதாயிற்று. 2016 இற் தொடங்கிய தமிழ்நாடு பிரிமியர் லீக் அவரை யாவர்க்குங் காட்டிற்று. அடுத்த ஆண்டு ஏலத்தில், பத்து இலட்சம் ரூபாய் அடிப்படை விலையிட்ட அவரைப் பஞ்சாப் அணி மூன்று கோடிக்கு எடுத்தது. 2020 டிசம்பரில் இந்திய அணிக்கும் ஆடினார். 2023 இல் தம் ஊரிலேயே துடுப்பாட்டத் திடல் ஒன்றை அமைத்துத் திறப்பித்தமை, அவர் தம் வாழ்விலிருந்து கற்ற பாடத்தின் செயல்வடிவம். மென்பந்தாட்டம் ஆற்றலுக்குத் தடையன்று. மென்பந்திலிருந்து கடினப்பந்திற்குக் கடத்துவோர் இல்லாமையே தடை.

இவ்வரலாறுகளைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். இளைஞனின் வருங்காலத்தை எந்த அளவுகோலும் ஐயமற அளவிடாது என்பது ஒன்று. சில்கொட்டும் பியாசாவும் அதற்குச் சான்று. குற்றம் போற் காணப்படுவது குணமாகவும் அமையலாம், ஆதலின் பொறுமையுள்ள கண் வேண்டும் என்பது மற்றொன்று. முரளிதரன் அதற்குச் சான்று. மதிப்பீட்டின் பெரும்பிழை நிறுப்பதில் நிகழ்வதன்று, தராசை எங்கே வைப்பது என்பதில் நிகழ்வது என்பது மூன்றாவது. இதற்குச் சான்று மலையகத்தின் நெடிய மௌனமே.

ஆதலின் பசறை, லுணுகலை, மடுல்சீமை முதலிய இடங்களின் இளைஞர்க்கு வேண்டுவது சலுகையன்று. குறைந்த ஆற்றலை நிறைந்த ஆற்றலாக எண்ணித் தெரியுமாறு எவரும் கேட்கவேண்டியதில்லை. பாடசாலைக்கு ஒரு கடினப்பந்துத் திடல், அதில் நிற்க ஒரு பயிற்றுநர், பருவத்திற்கு ஒருமுறையேனும் மலையேறி வரும் ஒரு தெரிவாளர் ஆகிய இம்மூன்றும் அமைந்தாற் போதும். மலையகத்துக் கொழுந்தை நிறுக்கும் தராசு நூற்றாண்டுக்கு மேலாக ஒவ்வொரு தோட்டத்திலும் நாள் தவறாது தொங்குகின்றது. அக்கொழுந்தைக் கிள்ளுவோரின் மக்களை நிறுக்கும் தராசும் அம்மலைக்கு வந்து சேர்தல் வேண்டும். அதன்பின் அது காட்டும் எடை எதுவாயினும், அது நேரிய எடையாகக் கொள்ளப்படும்.