ஆவண ஸ்கேனர்களுக்கான பொது இடைமுகங்கள்

ஆவண ஸ்கேனர் இடைமுகம் என்பது, எந்த நிறுவனத்தின் ஸ்கேனராக இருந்தாலும் ஒரே வகை ஆணைகளால் அதை இயக்க மென்பொருளுக்கு வழிசெய்யும் பொது உடன்பாடு. 1992-இல் வெளிவந்த ட்வெயின், லினக்ஸ் உலகில் 1990-களின் பிற்பகுதியில் வேரூன்றிய சேன், மைக்ரோசாஃப்டின் டபிள்யூஐஏ, வலைப்பின்னல் வழியே இயங்கும் ஈஎஸ்சிஎல் ஆகியவை இன்று பரவலாகப் புழங்குகின்றன. இவற்றின் தேவைக்கு ஓர் எடுத்துக்காட்டு, டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நடத்தும் பாஸ்போர்ட் சேவா திட்டம். பாஸ்போர்ட் சேவா மையங்களின் முதல் கவுண்டரில் சான்றுகள் ஸ்கேன் ஆன பிறகே அவை அரசு அலுவலரின் சரிபார்ப்புக்குப் போகின்றன. நாடெங்கும் ஒரே மாதிரி ஓட வேண்டிய இத்தகைய பணிகளுக்கு ஸ்கேனர் மாடல் ஒவ்வொன்றுக்கும் தனி நிரல் எழுதிக்கொண்டிருக்க இயலாது. ஆணைகள் பொதுவாக இருப்பதே இடைமுகத்தின் பயன் என்று வழக்கமாகச் சொல்வார்கள். தன்னால் எது முடியும், எது முடியாது என்பதை ஸ்கேனரே தெரிவித்தாக வேண்டும் என்ற விதி அதைவிடப் பெரிய பயன். அந்த விதியை மதிக்கும் நிரல்தான் நெடுநாள் நிற்கிறது.

ட்வெயினில் மேலே பயன்பாட்டு மென்பொருள், கீழே தயாரிப்பாளர் தரும் டிரைவர், இரண்டுக்கும் நடுவே ஒரு மேலாளர். ஆணைகள் அனைத்தும் ஒரே வாசல் வழியாகச் செல்கின்றன. எந்த வகை, எந்தத் தரவு, என்ன செயல் என்ற மூன்று குறிகள் சேர்ந்து ஓர் ஆணையாகின்றன. மேலாளரை ஏற்றுவதற்கு முன்பிருந்து படம் கைமாறும் வரை ஏழு நிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றில் நான்காவதுதான் உயிரான இடம். ஸ்கேனர் திறந்தாயிற்று, தாள் இன்னும் நகரவில்லை என்ற அந்த நிலையில் பேச்சுவார்த்தை நடக்கிறது: தாள் ஊட்டி உண்டா, இரு பக்கமும் படிக்குமா, எந்தெந்த அடர்த்தி, வண்ணமா கறுப்பு வெள்ளையா. மென்பொருள் 300 டிபிஐ கேட்டு, கருவியால் அது இயலாவிட்டால், இயன்ற வேறொரு மதிப்பை வைத்துக்கொண்டு ‘நிலையைச் சரிபார்’ என்ற பதிலைத் தரலாம். பிழை என்றும் சொல்லிவிட முடியாத, கேட்டது கிடைத்தது என்றும் கொள்ள முடியாத பதில் அது. உடனே திரும்பக் கேட்டு, வைக்கப்பட்ட மதிப்பு என்ன என்று அறியாமல் அடுத்த படிக்கு நகரும் நிரல், ஆயிரம் பக்கங்களைத் தவறான அடர்த்தியில் சேமித்துவிட்டு வேலை முடிந்தது என்று அறிவிக்கும். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று கேட்டால்கூட, ‘தெரியாது’ என்பதற்கென்று ஒரு தனி மதிப்பு உண்டு. ஊட்டியில் எத்தனை தாள் இருக்கிறது என்று பெரும்பாலும் ஸ்கேனருக்கே தெரிவதில்லை.

சேன் வேறொரு குழுவினர் வேறொரு சூழலில் வடிவமைத்தது. அதில் டிரைவருக்குச் சொந்தச் சாளரமே கிடையாது. ஒவ்வொரு விருப்பத்துக்கும் பெயர், விளக்கம், அலகு, ஏற்கத்தக்க எல்லை ஆகியவற்றை டிரைவர் பட்டியலாகத் தருகிறது. அதைப் படித்து மேலுள்ள மென்பொருள் தன் திரையைக் கட்டிக்கொள்கிறது. நிரல் எழுதியவர் கண்ணாலும் காணாத ஸ்கேனர் ஒன்று நாளை வந்தாலும் அந்தத் திரை சரியாக அமையும். சாளரம் இல்லாததால், ஒரு கணினியில் செருகிய ஸ்கேனரை வலைப்பின்னல் வழியே இன்னொரு கணினியிலிருந்து இயக்குவதும் எளிதாயிற்று. கேட்ட மதிப்பு அப்படியே ஏற்கப்படவில்லை என்பதற்கு இங்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒன்றை மாற்றியதால் மற்ற விருப்பங்களும் மாறிவிட்டன, மறுபடி படி என்பதற்கு இன்னோர் அடையாளம். தனித்தனியே வளர்ந்த இரண்டு தரங்கள் இந்த ஒரு புள்ளியில் வந்து சேர்ந்திருப்பதைத் தற்செயலாகக் கொள்ள முடியாது. ஸ்கேனர் என்ற கருவியின் இயல்பே அப்படி.

விளைவை மட்டும் நிர்ணயித்தால் போதாதா என்று கேட்கலாம். காசோலையைத் தாளாக அனுப்பாமல் படமாக அனுப்பித் தீர்வு செய்யும் முறை அப்படித்தான் அமைந்தது. சென்னையில் 2011 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய அம்முறையில் காசோலை ஒன்றுக்கு மூன்று படங்கள்: முன்பக்கம் 100 டிபிஐ சாம்பல் நிறத்தில், முன்பக்கமே 200 டிபிஐ கறுப்பு வெள்ளையில், பின்பக்கமும் 200 டிபிஐ கறுப்பு வெள்ளையில். எந்த ஸ்கேனரை வாங்குவது என்பது வங்கியின் விருப்பம். பல தயாரிப்பாளர்களின் கருவிகள் ஒரே ஏற்பாட்டில் இணைய அது உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் கோப்பு தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டுமே விளைவுத் தரம் காண்கிறது. 100 டிபிஐயில் படித்து மென்பொருளால் பெருக்கிய படத்தின் தலைப்பிலும் 200 என்றே எழுதியிருக்கும். கருவியின் இயல்பான ஒளியியல் அடர்த்தி என்ன என்று ட்வெயினில் தனியாகக் கேட்க இடமுண்டு. அங்கே கேட்காத குறையைப் பின்னால் கோப்பைச் சோதித்து நிரப்ப முடியாது.

பொதுத் தரம் எல்லாக் கருவிகளையும் ஒரே மட்டத்துக்குத் தட்டிவிடுகிறது, தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளே முழுத் திறனையும் தரும் என்பது வலுவான ஆட்சேபம். அதில் உண்மை உண்டு. இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு போனால் அதைச் சொல்ல ட்வெயினில் தனிக் குறி இருக்கிறது. சேனின் முதல் பதிப்பில் இல்லை. தாள் சிக்கியது என்ற பொதுக் குறிக்குள்ளேயே அது அடங்கிப்போகிறது. ஒரு பக்கம் விடுபட்டால் பத்திரமே செல்லாமல் போகும் அலுவலகத்துக்கு இது சிறிய இழப்பு இல்லை. ஆனால் இதற்கு மருந்தும் தரத்துக்குள்ளேயே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் தங்கள் சொந்தத் திறன்களைச் சேர்க்க ட்வெயின் தனி எண் வரிசையை ஒதுக்கியிருக்கிறது; சேனில் எந்தப் பெயரிலும் விருப்பம் சேர்க்கலாம். சிறப்புத் திறன் இருந்தால் பயன்படுத்து, இல்லையேல் அடிப்படை வழியில் செல் என்று எழுதிய நிரல் இரண்டு வகைக் கருவியிலும் ஓடும். தயாரிப்பாளரின் மென்பொருளை மட்டும் நம்பிய அலுவலகத்துக்கு அந்த இரண்டாம் வழி கிடையாது.

அந்த நம்பிக்கையின் விலை இயங்குதளம் மாறும்போதுதான் தெரியவரும். 32 பிட் டிரைவரை 64 பிட் நிரலுக்குள் நேராக ஏற்ற முடியாது. நல்ல நிலையில் உள்ள ஸ்கேனருக்காக நிரலைப் பழைய வடிவிலேயே வைத்திருக்க வேண்டும், அல்லது டிரைவரை மட்டும் தாங்க ஒரு துணை நிரலைத் தனியாக ஓட்ட வேண்டும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற டெபியன் வழி இயங்குதளத்துக்கு அரசு அலுவலகம் மாறினால், சேன் ஆதரவு உள்ள ஸ்கேனர்கள் கூடவே வரும். அது இல்லாதவை மூலையில் கிடக்கும். டெண்டரில் வேகத்தையும் விலையையும் எழுதுவதுபோல எந்தப் பொது இடைமுகம் என்பதையும் எழுதினால் இந்தச் செலவைத் தொடக்கத்திலேயே தவிர்க்கலாம்.

ஈஎஸ்சிஎல் இந்தச் சிக்கலை வேரிலேயே பிடிக்கிறது. கணினியில் மாடலுக்கென்று தனி டிரைவர் தேவையில்லை. இணையப் பக்கத்தைக் கேட்பதுபோல நிரல் கேட்க, ஸ்கேனரே தன் திறன்களை எக்ஸ்எம்எல் வடிவில் அனுப்புகிறது. சேனுக்குள்ளிருந்தே இதைப் பயன்படுத்தவும் வழி இருக்கிறது. அதே சமயம், அந்த வலைப்பின்னலை எட்டக்கூடிய எந்தக் கணினியும் கண்ணாடி மேல் மறந்து வைத்த ஆவணத்தைப் படிக்கக் கேட்கலாம். ஆகவே மறையாக்கமும், யார் கேட்கலாம் என்ற கட்டுப்பாடும் நிறுவும் நாளிலேயே அமைக்கப்பட வேண்டும்.