சகோதரனும் சம்பந்தியும்: கெடாத் தோட்டங்களில் ‘தேவனுடைய வீட்டார்’

எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், யூதரல்லாத விசுவாசிகள் இனிப் ‘பரதேசிகள்’ அல்ல, ‘தேவனுடைய வீட்டார்’ ஆகிவிட்டார்கள் என்று வாசிக்கிறோம். மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் இந்த இரு சொற்களையும் கேட்ட தமிழருக்கு அவை வெறும் உவமைகளாக இருந்திருக்க முடியாது. அவர்கள் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்தின் சொத்து. வேலை போனால் வீடும் போகும். 1938இல் இந்திய அரசு, உதவிபெற்ற கூலி ஆட்கள் மலாயாவுக்குக் குடியேறுவதைத் தடை செய்தது. 30 ஆண்டுகள் கழித்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதி பெற வேண்டும் என்று மலேசியாவின் 1968ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த பலர் தங்களுக்குப் பழகிப்போன ஒரே மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். இப்படிப்பட்டவர்களிடம் ‘நீ கடவுளின் வீட்டைச் சேர்ந்தவன்’ என்று சொன்ன திருச்சபை, அவர்களுக்கு எந்த உறவைக் கொடுத்தது? இக்கட்டுரை கேட்பது இதைத்தான்.

கெடாவில் கிறிஸ்தவர்கள் மக்கள் தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆனாலும் வரலாறு நீண்டது. 1786இல் பினாங்கில் பிரான்சிஸ் லைட் குடியேற்றம் தொடங்கியபோது, ஆயர் கார்னோவுடன் அங்கே போன முதல் கத்தோலிக்கர்கள் கோலக்கெடாவில் இருந்தவர்கள். தோட்டத் தமிழர் வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. சுங்கைப் பட்டாணியிலும் கூலிமிலும் கத்தோலிக்க ஆலயங்கள் எழுந்தன. மெதடிஸ்டுகளுக்குத் தமிழ் ஆண்டு மாநாடு என்றே தனி அமைப்பு உண்டு. மலேசிய சுவிசேஷ லுத்தரன் சபையின் வேர் தரங்கம்பாடி வழி வந்த தமிழ் லுத்தரன் சபையில் இருக்கிறது.

இவர்களோடு சாதியும் கப்பலேறியது. கங்காணி தன் ஊரிலும் தன் சனத்திலுமே ஆள் பிடித்தார். லயங்கள் பல தோட்டங்களில் சாதிவாரியாகவே பிரிந்தன. அதற்கு மேல் இன்னொரு கோடு: பால் மரம் வெட்டுகிறவர் ஒருபுறம், பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழருமான தோட்ட அலுவலகக் கிராணிமார் மறுபுறம். கிறிஸ்தவர்கள் இரு பக்கத்திலும் இருந்தார்கள். காலையில் பெரட்டில் பேர் கூப்பிடுகிறவரும் கூப்பிடப்படுகிறவரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தைப் பகிர வேண்டியிருந்தது.

திருச்சபை இந்தக் கோடுகளைத் தாண்டப் பயன்படுத்திய சொல் ‘சகோதரன்’. அழகான சொல். கிரேக்கத்தில் ‘அதெல்போஸ்’ என்றாலும் வடமொழி வழி வந்த ‘சகோதரன்’ என்றாலும் வேர்ப்பொருள் ஒன்றே: ஒரே வயிற்றில் பிறந்தவன். ஆனால் தமிழ் உறவுமுறைக்குள் நுழையும்போது அதற்கு ஓர் எல்லை வந்துவிடுகிறது. தமிழருக்கு உறவு இரண்டு வகை. அண்ணன், தம்பி, பங்காளி ஒரு வகை. மாமன், மச்சான், சம்பந்தி மற்றொரு வகை. பங்காளியோடு சொத்தும் தீட்டும் பகிர்வோம், பெண் எடுக்கமாட்டோம், கொடுக்கமாட்டோம். சாதி உயிர்வாழ்வது இரண்டாம் வகையில். அடுத்த சாதிக்காரரை ‘அண்ணே’ என்று அழைப்பதால் எந்த ஊரிலும் எதுவும் குலைந்ததில்லை. ‘மச்சான்’ என்று அழைத்து அதை மெய்யாக்கினால்தான் ஊர் கூடும். ஆகவே பீடத்திலிருந்து ‘சகோதரரே’ என்று ஆயிரம் முறை அழைத்தாலும் சாதியின் மேல் கை படாது. தமிழ்க் கிறிஸ்தவத்தில் சாதி இத்தனை காலம் நிலைத்ததற்கு இந்தச் சொல் தந்த நிம்மதியும் ஒரு காரணம் என்பது என் வாதம்.

‘புத்திர சுவிகாரம்’ என்ற சொல்லுக்கும் இதே கதி நேர்ந்தது. பவுலின் காலத்து ரோமச் சட்டத்தில், தத்தெடுக்கப்பட்டவன் பழைய குடும்பத்தின் அதிகாரத்தை விட்டு முழு வாரிசாகப் புதிய குடும்பத்துக்குள் போனான். நம் வழக்கத்திலோ வம்சம் அறாமல் இருக்கவும் கொள்ளி வைக்கவும் பெரும்பாலும் பங்காளி வீட்டுப் பிள்ளையைத்தான் சுவிகாரம் எடுத்தார்கள். அந்நியனை வாரிசாக்கிய சொல், சொந்தத்துக்குள்ளேயே சுற்றும் சொல்லாகச் சுருங்கிப் போனது.

ஆன்மிகக் குடும்பம் வேறு, திருமண வழக்கம் வேறு என்று மறுப்பவர்கள் உண்டு. இது பழைய மறுப்பு. 1833இல் ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சைப் பகுதியில் எழுந்த எதிர்ப்பு ஏறக்குறைய இதையே சொன்னது. லைப்சிக் மிஷன் சாதியைப் பெருமளவு பொறுத்துக்கொண்டது. மலாயாவின் தமிழ் லுத்தரன்கள் அந்த மரபின் பிள்ளைகள். கத்தோலிக்கர் பக்கம், வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்த சுவர் 1910இல்தான் இடிபட்டது. தன் தாயும் சகோதரரும் வெளியே நிற்கும்போது, தேவனுடைய சித்தம் செய்கிறவனே தன் குடும்பம் என்று இயேசு சொன்னதாக மாற்கு 3ஆம் அதிகாரம் காட்டுகிறது. அந்த வார்த்தை இரத்த உறவைத் தொட்டே பேசுகிறது. அதை ஆன்மிகத்துக்குள் மட்டும் பூட்டி வைக்க இடமில்லை.

நியாயத்துக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். சகோதரச் சொல்லைத் தாண்டிய ஓர் உறவைக் கத்தோலிக்கச் சபை உண்டாக்கியே வைத்திருந்தது. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும்தான் அது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானப் பெற்றோருக்கும் ஞானப் பிள்ளைக்கும் இடையே திருமணத்தைத் தடுத்தது. அந்த உறவு அவ்வளவு மெய்யானதாக எண்ணப்பட்டது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. ஒரு பால் வெட்டுக்காரரின் பிள்ளைக்குக் கிராணி ஞானத்தகப்பனாக நின்றால் அது பெரிய காரியம். ஆனால் மேலிருந்து கீழே மட்டும் வரும் உறவு ஆதரவாகவே நின்றுவிடும். கிராணியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் வெட்டுக்காரர் திருமுழுக்குத் தொட்டியருகே நின்றாரா என்பதே உண்மையான கேள்வி.

சபைக்கு வெளியே இருந்தவர்கள் இந்தக் கோடுகளைத் தாண்டுவதில் முந்திக்கொண்டார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கிய காலத்திலிருந்து, சுயமரியாதை இயக்கம் திருமணத்தையே போராட்டக் களமாக்கியது. கெடாவிலேயே 1946–47இல் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு ஏ.எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கு எதிராகத் தோட்ட மக்களை ஒன்று திரட்டியது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் காலியாகி, பிள்ளைகள் சுங்கைப் பட்டாணிக்கும் பினாங்குக்கும் போய்விட்ட நிலையில், இந்த வரலாற்றுக்குச் சாட்சியாக இருப்பவை ஆலயப் பதிவேடுகள். பங்குத்தந்தையரிடமும் சபை மூப்பர்களிடமும் ஒரு வேண்டுகோள்: அவை செல்லரிக்கும் முன் படியெடுத்து வையுங்கள், ஆய்வாளருக்குத் திறந்துவிடுங்கள். திருமுழுக்கு ஏட்டில் ஞானப் பெற்றோரின் பெயரையும், திருமண ஏட்டில் மணமக்களின் தோட்டத்தையும் பெற்றோரின் தொழிலையும் சேர்த்துப் படித்தால், கெடாவில் யார் யாருக்கு வீட்டாரானார்கள் என்பது தெரிந்துவிடும்.