லிமக்ஸ்

லிமக்ஸ் என்பது செருமனியின் பவேரியா மாநிலத் தலைநகரான மியூனிக்கின் மாநகராட்சி தனது அலுவலகக் கணினிகளுக்காக உருவாக்கிய குனூ/லினக்ஸ் வழங்கலும், அவ்வழங்கலுக்கு மாறுவதற்காக மேற்கொள்ளப்பட்ட திட்டமும் ஆகும். லினக்ஸ், மியூனிக் ஆகிய இரு பெயர்களையும் இணைத்து இப்பெயர் உருவாக்கப்பட்டது. ஒரு பெருநகர நிருவாகம் விண்டோஸ் இயங்குதளத்திலிருந்து விலகிக் கட்டற்ற மென்பொருளுக்கு மாறிய முன்னோடி முயற்சி என்பதால், இது உலகளவில் கவனிக்கப்பட்டது. 2013 இல் நிறைவுற்ற இம்மாற்றத்தைக் கைவிட 2017 இல் மாநகர மன்றம் முடிவு செய்தது.

பின்னணி

2000களின் தொடக்கத்தில் மியூனிக் மாநகராட்சியில் ஏறத்தாழ 14,000 கணினிகளில் விண்டோஸ் என்டி 4.0 பயன்பாட்டில் இருந்தது. இப்பதிப்புக்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த ஆதரவு முடிவுக்கு வரவிருந்தமையால், ஏதேனும் ஒரு புதிய இயங்குதளத்துக்கு மாறுவது தவிர்க்க இயலாததாயிற்று. ஆதரவு நின்ற இயங்குதளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வெளிவருவதில்லை என்பதே இதற்கு முதன்மைக் காரணம்.

விண்டோசின் புதிய பதிப்பு, லினக்ஸ் ஆகிய இரு தெரிவுகளும் ஒப்பிடப்பட்டன. செலவை மட்டும் நோக்கினால் விண்டோஸ் சாதகமாகவும், நீண்டகாலத் தற்சார்பை நோக்கினால் லினக்ஸ் சாதகமாகவும் இருந்தன. அப்போது மைக்ரோசாப்டின் தலைமைச் செயல் அலுவலராக இருந்த ஸ்டீவ் பால்மர், 2003 இல் நேரில் வந்து நகரத் தந்தை கிறிஸ்டியன் ஊடேயைச் சந்தித்தார். எனினும் மே 28, 2003 அன்று மாநகர மன்றம் லினக்சுக்கு ஆதரவாகக் கொள்கை முடிவெடுத்தது. எந்த மென்பொருளை எப்போது மாற்றுவது என்பதை விற்பனையாளர் அன்றி, நகரமே முடிவு செய்ய வேண்டும் என்பது இம்முடிவின் அடிப்படை ஆகும்.

செயலாக்கம்

2004 சூனில் செயலாக்கத்துக்கு மன்றம் ஒப்புதல் அளித்தது. அவ்வாண்டே மென்பொருள் காப்புரிமை பற்றிய சட்ட ஐயங்களால் பணிகள் சிறிது காலம் நிறுத்தப்பட்டுப் பின் தொடர்ந்தன. அனைத்துக் கணினிகளையும் ஒரே நாளில் மாற்றாமல், படிப்படியான மாற்றமே தெரிவு செய்யப்பட்டது. விண்டோஸ் இருக்கும்போதே ஊழியர்கள் ஓப்பன் ஆபிஸ் அலுவலகத் தொகுப்பு, பயர்பாக்ஸ் உலாவி ஆகியவற்றுக்குப் பழக்கப்படுத்தப்பட்டனர். நாள்தோறும் கையாளும் செயலிகள் முன்பே அறிமுகமாகியிருந்தால், பின்னர் இயங்குதளம் மாறுவது பயனருக்குப் பெரும் இடையூறாகாது. 2006 இல் முதல் கணினிகள் லிமக்சுக்கு மாற்றப்பட்டன.

தனதாக்கல்

தொடக்கத்தில் டெபியன் லினக்சையும் பின்னர் உபுண்டுவையும் அடிப்படையாகக் கொண்டு லிமக்ஸ் உருவாக்கப்பட்டது. மேசைச்சூழலாகக் கேடீயீ பயன்படுத்தப்பட்டது. மூலநிரலை மாற்றவும் மறுபகிர்வு செய்யவும் உரிமை உள்ளதால், நகரத்தின் தேவைக்கேற்பப் பொதிகளைத் தெரிந்து சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது.

முன்னர் ஒவ்வொரு துறையும் தன் கணினிகளைத் தனித்தனியே பராமரித்து வந்தது. கடித வார்ப்புருக்களும் மேக்ரோக்களும் துறைக்குத் துறை வேறுபட்டிருந்தன. மேக்ரோக்கள் மைக்ரோசாப்ட் ஆபிசுக்காக எழுதப்பட்டவை ஆதலால் அப்படியே எடுத்துச்செல்ல இயலவில்லை. இதற்குத் தீர்வாக, வார்ப்புருக்களையும் படிவங்களையும் கையாளும் வோல்மக்ஸ் என்ற நீட்சியை மாநகராட்சியே உருவாக்கியது. 2008 இல் இது கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. விண்டோசில் மட்டும் இயங்கும் சில துறைசார் செயலிகளுக்கு வைன், மெய்நிகர் கணினி போன்ற வழிகள் கையாளப்பட்டன. வேறு வழியில்லாத இடங்களில் விண்டோஸ் கணினிகளே தொடர்ந்தன.

நிறைவும் மதிப்பீடும்

2013 இறுதியில் திட்டம் நிறைவுற்றபோது ஏறத்தாழ 15,000 கணினிகளில் லிமக்ஸ் இயங்கியது. ஒரு கோடி யூரோவுக்கும் மேல் மிச்சமானதாக 2012 இல் மாநகராட்சி கணக்கிட்டது. மைக்ரோசாப்டின் சார்பில் செய்யப்பட்ட ஆய்வொன்று இக்கணக்கை மறுத்தது. எவற்றையெல்லாம் செலவில் சேர்ப்பது என்பதைப் பொறுத்து விடை மாறுபடுவதால், இவ்விவாதம் முடிவின்றியே நீடித்தது.

விண்டோசுக்குத் திரும்புதல்

2014 இல் டீட்டர் ரைட்டர் நகரத் தந்தையானார். பிற அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்கள் சரியாகத் திறப்பதில்லை என்பன போன்ற முறைப்பாடுகள் முன்வைக்கப்பட்டன. 2016 இல் வெளிவந்த அக்சென்சர் நிறுவனத்தின் ஆய்வு, தொழினுட்பத்தைவிடத் தகவல் தொழினுட்பப் பிரிவுகளின் நிருவாக அமைப்பிலேயே பெரும் சிக்கல்கள் உள்ளதைச் சுட்டியது. இருப்பினும் 2017 பெப்ரவரியில் விண்டோசுக்குத் திரும்பும் திட்டத்தை வகுக்கவும், நவம்பரில் 2020க்குள் விண்டோஸ் 10 இற்கு மாறவும் மன்றம் முடிவு செய்தது. இதற்கு ஏறத்தாழ 5 கோடி யூரோ செலவாகும் என மதிப்பிடப்பட்டது.

2020 இல் அமைந்த பசுமைக் கட்சி, சமூக சனநாயகக் கட்சி கூட்டணி, இயன்ற இடங்களில் கட்டற்ற மென்பொருளுக்கு முன்னுரிமை தருவதாகத் தன் உடன்பாட்டில் அறிவித்தது. எனினும் மேசைக்கணினிகளில் லிமக்ஸ் மீளவில்லை.

முக்கியத்துவம்

பெருமளவிலான ஒரு நிருவாகம் லினக்சில் பல ஆண்டுகள் இயங்க முடியும் என்பதை இத்திட்டம் காட்டியது. இயங்குதளத்தை நிறுவுவதைவிட ஆவண வடிவங்கள், வார்ப்புருக்கள், துறைசார் செயலிகள், பயிற்சி ஆகியவற்றை மாற்றுவதே கடினமானது என்பதும், அரசியல் ஆதரவு மாறினால் முடிந்த மாற்றமும் நிலைக்காது என்பதும் இதன் வழி அறியப்பட்டன. 2024 இல் செருமனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநிலம் ஏறத்தாழ 30,000 கணினிகளில் லிப்ரே ஆபிசுக்கும் பின்னர் லினக்சுக்கும் மாறுவதாக அறிவித்தபோது, மியூனிக்கின் பட்டறிவு மீண்டும் விவாதிக்கப்பட்டது. அங்கும் அலுவலகத் தொகுப்பு முதலிலும் இயங்குதளம் பின்னரும் மாற்றப்படும் எனத் திட்டமிடப்பட்டமை குறிப்பிடத்தக்கது.