மின்சாரம் நின்ற யாழ்ப்பாணமும் கிணற்றுத் துலாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; சுண்ணாம்புக்கல்லில் தோண்டிய கிணறுகளே அடிப்படை நீராதாரம். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் தடைப்பட்டு, வீட்டு மோட்டார்கள் முடங்கின. மண்ணெண்ணெய்க்கும் கட்டுப்பாடு வந்ததால் நீரிறைக்கும் இயந்திரங்களை ஓட்டுவதும் அரிதாயிற்று. மக்கள் துலாவையும் கப்பியையும் நாடினர்.

துலாவின் நுட்பம் எளியது. நட்ட கால்களின்மேல் நீண்ட மரமொன்று ஏறி இறங்கும். அதன் அடிப்பக்கத்தில் பாரத்துக்குக் கல் கட்டியிருப்பர். வெறும் வாளியை இறக்கவே பலம் வேண்டும். நிறைந்த வாளியின் பாரத்தில் பெரும்பங்கைக் கல் தாங்கிக்கொள்ளும். கயிறு அறுந்தால்தான் சங்கடம், இரும்புக் கொக்கியை இறக்கித் துழாவ வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. குடாநாட்டின் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. மோட்டாரால் அளவின்றி இறைத்தால் உவர்நீர் மேலேறும். வாளியால் அள்ளும்போது அந்த ஆபத்து மிகக் குறைவு.