பெருநாள் முற்றமும் நொண்டி நாடகமும்





மார்க்கப் பற்றுள்ள இல்லங்கள் சிலவற்றில் இந்தக் காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். பிள்ளைகள் கூடத்தில் கலகலவென்று சிரித்து விளையாடிக்கொண்டிருப்பர். இஷா தொழுதுவிட்டு அத்தா திரும்பி வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் ஓசை கேட்கும். உடனே சிரிப்பு அடங்கிவிடும். ஒருவர் கையில் பாடநூல் ஏறும். மற்றவர் அடுக்களைக்குள் மறைந்துவிடுவார். அத்தா இதைத் தமக்குக் கிடைக்கும் கண்ணியம் என்று எண்ணிக்கொள்கிறார். பிள்ளையின் உள்ளத்திலோ வேறொரு பாடம் பதிந்துவிடுகிறது. தொழுகையும் சிரிப்பும் ஒரே வீட்டில் குடியிருக்க இயலாது என்பதே அந்தப் பாடம். இதை அவனுக்கு யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. வளர்ந்தபின் அவன் சிரிப்பைத் தேடி எங்கே போகிறான் என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

நம்முடைய வரலாறு இந்தப் பாடத்தைச் சொல்கிறதா? முதலில் மதீனாவுக்குச் செல்வோம்.

நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத் செய்து மதீனாவுக்கு வந்தபோது, அந்நகர மக்கள் ஆண்டில் இரண்டு நாள்களை விளையாட்டுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தனர். அறியாமைக் காலத்துப் பழக்கம் அது. அண்ணலார் அந்நாள்களை நீக்கினார்கள். ஆனால் இடத்தை வெறுமையாக விட்டுவிடவில்லை. அவற்றைவிடச் சிறந்த இரண்டு நாள்களை, ஈதுல் பித்ரையும் ஈதுல் அள்ஹாவையும், அல்லாஹ் பகரமாகத் தந்திருப்பதாக அறிவித்தார்கள். இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. விளையாட்டு நாள்களுக்குப் பகரமாக வந்தவை பெருநாள்கள் என்பதைச் சற்று நின்று கவனியுங்கள்.

அப்படியொரு பெருநாளில், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் இரண்டு சிறுமியர் பாடிக்கொண்டிருந்தனர். மதீனாவின் இரு குலத்தார் முன்னொரு காலத்தில் புஆஸ் என்னுமிடத்தில் பொருத போரைப் பற்றிய பாடல் அது. அண்ணலார் படுக்கையில் சாய்ந்து முகத்தை மறுபுறம் திருப்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளே வந்த அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை; இறைத்தூதரின் இல்லத்திலா இது என்று மகளைக் கடிந்துகொண்டார்கள். அண்ணலார் திரும்பி, அவர்களை விட்டுவிடுமாறும், ஒவ்வொரு சமுதாயத்துக்கும் ஒரு பெருநாள் உண்டு, இது நம் பெருநாள் என்றும் கூறினார்கள். பிறகு தந்தையின் கவனம் வேறுபக்கம் சென்றதும், அன்னையவர்கள் அச்சிறுமியருக்கு ஜாடை காட்டி வெளியே அனுப்பிவிட்டார்கள். இந்தச் சிறு குறும்பையும் புகாரியின் அறிவிப்பு விட்டுவிடாமல் நமக்குக் காத்து வைத்திருக்கிறது.

அதே பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டியும் கேடயமும் ஏந்திப் பள்ளிவாசலில் வீர விளையாட்டு நிகழ்த்தினர். அண்ணலாரின் தோளுக்குப் பின்னால் நின்று அன்னையவர்கள் தமக்கு அலுக்கும்வரை அதைக் கண்டு களித்தார்கள். அதுவரை அண்ணலார் நின்றுகொண்டே இருந்தார்கள். அபிசீனியர்கள் இவ்வாறு விளையாடிய ஒரு சமயம் உமர் (ரலி) அவர்கள் கற்களைப் பொறுக்கி அவர்கள்மீது எறியத் தொடங்கினார்கள். அவரையும் அண்ணலார் தடுத்துவிட்டார்கள். ஓரிடத்தில் ஸித்தீக், ஓரிடத்தில் ஃபாரூக். ஈமானில் மலையளவு உயர்ந்த இருவருமே மகிழ்ச்சியைத் தடுக்க விரைந்தார்கள் என்பதும், இருவரையும் அண்ணலாரே நிறுத்தினார்கள் என்பதும் தற்செயலானவை என்று எனக்குத் தோன்றவில்லை.

அண்ணலாரின் நகைச்சுவைகளை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். வாகனம் கேட்டு வந்தவரிடம் ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொல்ல, குட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்று அவர் திகைத்தார். எந்த ஒட்டகமும் இன்னொரு ஒட்டகத்தின் குட்டிதானே! செல்லக் குருவியை இழந்து வாடிய அபூஉமைர் என்ற சிறுவரிடம், அவர் பெயரோடு எதுகையாகக் குருவியைப் பற்றி விசாரித்தார்கள். இந்தப் பரிகாசங்களில் பொய் இல்லை; எவரும் இழிவுபடுத்தப்படவும் இல்லை.

இவை அரபு மண்ணில் நிகழ்ந்தவை. தமிழ் மண்ணில் நம் முன்னோர் எப்படி இருந்தனர்?

இதற்கு விடை தேட நாம் பழைய தென்னார்க்காட்டுக்கு வர வேண்டும். உளுந்தூர்ப்பேட்டைக்கும் பண்ருட்டிக்கும் இடையில், கெடிலம் ஆறு பாயும் பகுதியில் திருநாவலூர் இருக்கிறது. 1993 வரை தென்னார்க்காடு, பிறகு விழுப்புரம், 2019 முதல் கள்ளக்குறிச்சி என்று மாவட்டப் பெயர்கள் மாறின, ஊர் மாறவில்லை. சைவ நெறியினர் இதைச் சுந்தரர் பிறந்த ஊராகப் போற்றுகின்றனர். அவருக்குத் தம்பிரான் தோழர் என்றே பெயர். அவருடைய மணப்பந்தலில் ஒரு முதியவர் ஓலையோடு வந்து வழக்காடித் திருமணத்தையே நிறுத்திய கதையைத் தமிழகம் அறியும். படைத்தவனைத் தோழனாகக் கொண்டு உரிமையோடு சண்டையிடும் அந்த நெறி வேறு, நம்முடைய அகீதா வேறு; அதில் குழப்பத்திற்கு இடமில்லை. ஆனால் மொழியின் வரலாறு என்று பார்த்தால் ஓர் உண்மை தெரிகிறது. பக்தியைப் பாடும்போதும் விளையாட்டையும் குறும்பையும் விலக்காத தமிழ்தான் இப்பகுதியில் வழங்கியது. நம் புலவர்கள் கையில் எடுத்ததும் அதே தமிழ்தான்.

அவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்குச் ‘சீதக்காதி நொண்டி நாடகம்’ சாட்சி. கீழக்கரை வள்ளல் சீதக்காதி என்னும் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயரைச் சிறப்பிக்க எழுந்த நூல் இது. நொண்டி நாடகம் என்பது ஒரே பாத்திரம் தன் கதையைத் தானே பாடி ஆடும் கூத்து. காலிழந்த ஒரு திருடன் மேடைக்கு வந்து, தான் செய்த திருட்டுகளையும் தாசி வீட்டில் பொருளைத் தொலைத்த மடமையையும் தன் வாயாலேயே சொல்லிச் சிரிக்க வைப்பான். அதற்கென்று வாய்த்த துள்ளல் நடையே நொண்டிச் சிந்து. பிற்காலத்தில் பாரதியார் பாஞ்சாலி சபதத்தில் கையாண்டதும் இந்தச் சிந்துதான். இவ்வகை நாடகங்களுள் மிக முற்பட்டதாக அறிஞர் பலர் கருதுவது ஒரு முஸ்லிம் வள்ளலைப் பாடிய இந்நூலையே.

கதையின் முக்கிய நிகழ்ச்சி நடப்பது திருநாவலூருக்கு வடக்கே, விழுப்புரத்தைத் தாண்டியுள்ள செஞ்சியில். 1690 முதல் 1698 வரை, மராட்டிய மன்னர் இராஜாராம் இருந்த செஞ்சிக் கோட்டையை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கான் முற்றுகையிட்டிருந்தார். அன்று இப்பகுதியின் ஊர்கள் பட்ட துன்பத்தைச் சொல்லி முடியாது. அந்தப் பாளையத்துக்குள்தான் நம் திருடன் குதிரை திருடப் போகிறான்! பிடிபடுகிறான், காலை இழக்கிறான். பேரரசின் படை எட்டு ஆண்டுகள் கிடந்த இடத்தில், புலவரின் கண்ணுக்குத் தென்பட்டவன் ஒரு குதிரைத் திருடன். கதிகெட்டுக் கிடந்த அவனைச் சீதக்காதி காண்கிறார்; பரிவு காட்டுகிறார்; அவன் இஸ்லாத்தைத் தழுவி மக்காவுக்குச் செல்கிறான்; இழந்த கால் அங்கே அவனுக்குத் திரும்பக் கிடைக்கிறது. இது புலவரின் கற்பனை. மார்க்க ஆதாரமாகக் கொள்வதற்குரியது அன்று. தாசி வீட்டுப் பகுதிகளைப் பிள்ளைகள் முன் படிக்கவும் இயலாது. ஆயினும் அந்தச் சிரிப்பு யார்மேல் விழுகிறது என்று பாருங்கள். திருடன் தன்னைத்தான் நகைக்கிறான். ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகாசம் செய்ய வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் விதித்த எல்லை இந்தக் கூத்தில் பெரும்பாலும் காக்கப்படுகிறது. இன்று தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் நாம் சிரிக்கும் சிரிப்பில் எத்தனை பங்கு பிறருடைய நிறத்தையும் உடலையும் திக்குவாயையும் வைத்து எழுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இதே சீதக்காதியின் ஆதரவில்தான் உமறுப் புலவர் சீறாப்புராணத்தைத் தொடங்கினார். வள்ளலின் மறைவுக்குப் பின் ஆதரித்தவர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரக்காயர். பரங்கிப்பேட்டையும் பழைய தென்னார்க்காட்டு ஊரே. அந்தக் காப்பியத்தில் அண்ணலாரின் திருமணத்துக்கென்று ஒரு படலம் இருக்கிறது. அங்கே தமிழ்நாட்டுக் கலியாண வீட்டின் களிப்பெல்லாம் உண்டு. இதற்கும் முன்னால், 1572-ல், ஆயிர மசலா வந்துவிட்டது. மசலா என்பது வினாவும் விடையுமாக நடக்கும் நூல். நூறு மசலாவில் வினா கேட்பவள் ஓர் இளவரசி. விடை சொல்பவனுக்கே அவள் மாலையிடுவாள். விடுகதை கேட்கும் ஆசையைக் கொண்டே மார்க்கத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள் நம் முன்னோர். கும்மி, சிந்து, தாலாட்டு என்று பெண்கள் பாடும் வடிவங்களிலும் நம் புலவர்கள் பாடினர். 2015-ல் மறைந்த நாகூர் ஹனீபாவின் குரல் ஒலிக்காத நிக்காஹ் வீடு ஒரு தலைமுறைக்கு முன் அரிது. இசைக்கருவிகள் குறித்து ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நான் இங்கே புகவில்லை. அன்ஸாரிகளின் மணமகளை அனுப்பி வைத்தபோது, அங்கே மகிழ்வூட்டும் ஏற்பாடு ஏதும் இல்லையா, அன்ஸாரிகளுக்கு அது பிடிக்குமே என்று அண்ணலார் கேட்டார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

ஹன்ளலா (ரலி) அவர்கள் ஒருமுறை தாம் நயவஞ்சகராகிவிட்டதாக அஞ்சி ஓடிவந்தார்கள். அண்ணலாரின் அவையில் இருக்கும்போது சுவர்க்கமும் நரகமும் கண்முன் நிற்கின்றன. வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் மறந்துவிடுகிறது என்பது அவர்களுடைய அச்சம். வழியில் கண்ட அபூபக்ர் (ரலி) அவர்களும் தமக்கும் அப்படித்தான் என்று உடன் வந்தார்கள். அவையில் இருக்கும் நிலை எப்போதும் நீடித்தால் மலக்குகள் தெருவில் வந்து கைகுலுக்குவார்கள் என்று கூறிய அண்ணலார், இதற்கொரு நேரம், அதற்கொரு நேரம் என்று மும்முறை சொன்னார்கள். ஹன்ளலா (ரலி) அவர்கள் தம் வீட்டுக்குத் திரும்பிச் சென்றார்கள். அங்கே பிள்ளைகள் இருந்தனர்.